ஆறுமணிக் குருவி: கொழும்பு வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புரட்டாதி முடிந்து ஐப்பசி பிறக்கும் நாட்களில், வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை என்று கொழும்பின் பல பகுதிகளிலும் உள்ள வீடுகளில் ஒரே வகையான செய்தி பேசப்படுகிறது. இரவு மழைக்குப் பின்னர், பல நிறம் கொண்ட ஒரு சிறு பறவை விறாந்தையிலோ மாடிப்படியிலோ அசைவற்று உட்கார்ந்திருக்கிறது. அது என்ன பறவை, அதை என்ன செய்வது என்று வீட்டாருக்குத் தெரியவில்லை. அந்தப் பறவை பெரும்பாலும் ஆறுமணிக் குருவியாகவே இருக்கும். அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தரப்பட்டுள்ளன.

இது ஆறுமணிக் குருவிதான் என்று எப்படி உறுதி செய்வது?

மைனாவைவிடச் சற்றுச் சிறியதாக, வால் மிகக் குட்டையாக, கால்கள் உடலுக்கு மிஞ்சிய நீளமாக இருப்பதை முதலில் பாருங்கள். முதுகு பச்சை, வயிறும் நெஞ்சும் வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு, தொண்டை வெள்ளை, அடிவயிறும் வாலின் கீழ்ப்புறமும் குங்குமச் சிவப்பு. தோளிலும் வாலிலும் ஒளிரும் நீலம் தெரியும். தலையில் நடுவே ஒரு கறுப்புக் கோடும், அலகிலிருந்து கண்ணைக் கடந்து பிடரி வரை செல்லும் தடித்த கறுப்புப் பட்டையும் உண்டு. அந்தக் கண்பட்டைதான் தவறவே முடியாத அடையாளம். பறக்கும்போது இறக்கையில் ஒரு வெள்ளைத் திட்டு பளிச்சிட்டு மறையும். எடை ஏறத்தாழ 50 முதல் 65 கிராம் வரைதான் இருக்கும்.

கொழும்பில் இதை மீன்கொத்தி என்று எண்ணுவோர் பலர். வெண்தொண்டை மீன்கொத்தியின் அலகு நீண்டு சிவந்திருக்கும். அதன் கால்கள் மிகச் சிறியவை, நிலத்தில் அது நடமாடுவதில்லை. ஆறுமணிக் குருவியின் அலகு குட்டையானது, தடித்தது. அது நிலத்திலேயே தத்தித் தத்திச் செல்லும். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு உண்டா?

வெளித்தோற்றத்தில் இல்லை. அவ்வாண்டு பொரித்த இளம் பறவைகளின் நிறம் மட்டும் சற்று மங்கலாக இருக்கும்.

இது இலங்கையின் பறவையா, வெளியிலிருந்து வருவதா?

இது வலசை வரும் பறவை. இமயமலையின் அடிவாரக் காடுகளிலும், நடு இந்தியாவின் குன்றுகளிலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகளிலும் இது கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. தென்மேற்குப் பருவமழை பெய்து பூச்சிகளும் மண்புழுக்களும் பெருகும் மாதங்களே அதற்குரிய காலம். மழை ஓய்ந்து அங்கே நிலம் காயத் தொடங்கும்போது, தென்னிந்தியாவையும் இலங்கையையும் நோக்கிப் புறப்படுகிறது. இமயமலை அடிவாரத்திலிருந்து கொழும்பு வரையான தூரத்தை நேர்கோட்டில் அளந்தாலே அது 2000 கிலோமீற்றரைத் தாண்டும். பகலில் உயரப் பறக்கும் வழக்கமே இல்லாத, நிலத்தில் இரை தேடும் இந்தப் பறவை, அந்தத் தூரத்தை இரவுகளில் பறந்து கடக்கிறது, கடலையும் தாண்டுகிறது.

செப்டெம்பர் இறுதியிலிருந்து இலங்கையின் பல பாகங்களிலும் இதைக் காணலாம். வடக்கின் பனங்கூடல்களுக்கு அருகிலுள்ள புதர்களிலும், வறண்ட வலயக் காடுகளிலும், சிங்கராஜ போன்ற மழைக்காடுகளிலும், மலைநாட்டுத் தோட்டங்களிலும் இது தங்குகிறது. ஏப்ரல் மாதத்தில் பெரும்பாலானவை திரும்பிச் சென்றுவிடும். ஆகவே ஆண்டில் ஏறத்தாழ பாதிக் காலத்தை இது நம் மண்ணில்தான் கழிக்கிறது. அதனால் இதை அந்நியப் பறவை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அதன் வாழ்வில் சரிபாதி இங்குள்ள மரநிழலையும் சருகையும் நம்பியிருக்கிறது என்பதே உண்மை.

அப்படியானால் இங்கே கூடு கட்டுவதில்லையா?

இல்லை. உருண்டை வடிவில், பக்கவாட்டில் வாசல் வைத்து, காய்ந்த இலைகளாலும் புற்களாலும் கட்டப்படும் அதன் கூட்டை இந்தியாவில்தான் காண முடியும். நிலத்திலோ தாழ்ந்த கிளையிலோ கட்டும். பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து முட்டைகள் இடும். உங்கள் வளவில் காணும் பந்து போன்ற கூடு வேறொரு பறவைக்குரியது.

வானில் பறந்து செல்ல வேண்டிய பறவை ஏன் வீட்டுக்குள் வந்து விழுகிறது?

மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. முதலாவது களைப்பு. நீண்ட பயணத்தின் முடிவில் உடலில் சேமித்து வைத்த கொழுப்பு தீர்ந்துபோகும் நிலையில் அது இலங்கையை அடைகிறது. இரண்டாவது வானிலை. அது வந்து சேரும் ஒக்டோபர், நவம்பர் மாதங்கள், கொழும்பில் மாலையும் இரவும் இடியுடன் மழை கொட்டும் இடைப்பருவக் காலமாகும். மழையும் தாழ்ந்த மேகமும் பறவையைக் கீழே இறங்கச் செய்கின்றன.

மூன்றாவது காரணம் நம்முடையது. இரவில் வலசை செல்லும் பறவைகள் வழியறிவதற்கு விண்மீன்கள் உள்ளிட்ட பல குறிப்புகளைப் பயன்படுத்துகின்றன. மேகம் மூடிய இரவில் நகரத்தின் செயற்கை வெளிச்சம் அவற்றைத் தன்பால் இழுத்துத் தடுமாறச் செய்கிறது. ஒளிவிளக்குக் கோபுரங்களில் பறவைகள் மோதி விழுவது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. காலி வீதியின் இருபுறமும் கடற்கரை வரை உயர்ந்து நிற்கும் தொடர்மாடிகளும், விடியும்வரை எரியும் அவற்றின் விளக்குகளும், கோட்டைப் பகுதியின் கண்ணாடிக் கோபுரங்களும் இன்று அதே வேலையைச் செய்கின்றன. விடிந்த பின்னரும் ஆபத்து நீங்குவதில்லை; கண்ணாடியில் தெரியும் மரத்தின் நிழலுருவை உண்மையான மரம் என்று நம்பி, தாழ்வாக வேகமாகப் பறக்கும் இந்தப் பறவை நேரே அதில் மோதுகிறது.

மோதி விழுந்த பறவைக்கு உடனடியாக என்ன செய்ய வேண்டும்?

முதலில் காகங்களிடமிருந்தும் பூனையிடமிருந்தும் அதைக் காப்பாற்றுங்கள். கொழும்பில் நிலத்தில் விழுந்த எந்தப் பறவையையும் காகங்கள் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடும். மோதலில் இறக்காத பறவை காகத்தின் கொத்தலில் இறந்துபோவதுண்டு. ஒரு மெல்லிய துணியை அதன் மேல் போர்த்தி, இறக்கைகள் உடலோடு ஒட்டியிருக்கும்படி, நெஞ்சை அழுத்தாமல் தூக்க வேண்டும். பறவைகள் மூச்சுவிடுவதற்கு நெஞ்சுக்கூடு அசைய வேண்டும் என்பதால், இறுகப் பிடித்தால் மூச்சடைத்துவிடும்.

அடுத்து, காற்றுத் துளைகள் இட்ட ஓர் அட்டைப்பெட்டியின் அடியில் துணியை விரித்து, பறவையை உள்ளே விட்டு மூடி, ஆரவாரம் இல்லாத நிழலான அறையில் வையுங்கள். இருட்டும் அமைதியுமே அதற்கு வேண்டிய முதல் மருந்து. அரை மணிக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதும், பிள்ளைகளிடம் காட்டுவதும், படம் எடுப்பதும் அதன் பதற்றத்தைக் கூட்டும். தலையில் அடிபட்ட பறவைக்கு அந்தப் பதற்றமே கேடாக முடியலாம். ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்தில் பெட்டிக்குள் அது தத்தும் ஓசை கேட்டால், பெட்டியை வெளியே எடுத்துச் சென்று, செடிகள் அடர்ந்த நிழலில் நிலத்தில் வைத்துத் திறவுங்கள். வானை நோக்கி வீசிப் பறக்கவிடக் கூடாது. அது தானாக வெளியேறிச் செடிக்குள் நுழையும். அங்கே சில நேரம் அசையாமல் நிற்பதும் இயல்புதான். இரவில் கிடைத்த பறவையை விடியும்வரை பெட்டியிலேயே வைத்திருந்து, காகங்கள் கூடுவதற்கு முன்னர் விடுவிப்பது நல்லது.

ஓர் இறக்கை தொங்கினாலோ, குருதி கசிந்தாலோ, சில மணி நேரம் கழிந்தும் எழுந்து நிற்க முடியாவிட்டாலோ, வீட்டில் வைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். பத்தரமுல்லையில் தலைமை அலுவலகத்தைக் கொண்ட வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் அறிவிக்கலாம்.

அதற்குச் சோறு, பாண், பால், பழம் எதையாவது கொடுக்கலாமா?

வேண்டாம். இது பூச்சியையும் புழுவையும் உண்ணும் பறவை. அன்பின் மிகுதியால் பலர் அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். அந்தத் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கினால் பறவை பிழைக்காது. சில மணி நேரம் உண்ணாமல் இருப்பதால் அதற்கு ஆபத்து இல்லை.

அழகாக இருக்கிறதே, கூண்டில் வளர்க்கலாமா?

சட்டப்படியும் கூடாது, பறவையின் நலன் கருதியும் கூடாது. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின்னர் வந்த திருத்தங்களும், விலக்களிக்கப்பட்ட மிகச் சில இனங்கள் தவிர்ந்த காட்டுப் பறவைகளைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் தடை செய்கின்றன. உயிருள்ள இரையைத் தேடி நாள் முழுவதும் சருகைப் புரட்டும் பறவைக்கு, அதுவும் ஏப்ரலில் இமயம் வரை திரும்பிச் செல்ல வேண்டிய பறவைக்கு, கூண்டு என்பது மெதுவான மரணம்.

உண்மையிலேயே ஆறு மணிக்குத்தான் கூவுமா?

ஏறத்தாழ அப்படித்தான். விடியலிலும் அந்தியிலும் ஒவ்வொரு பறவையும் ஓரிரு முறை உரத்துக் கூவும். அருகிலுள்ள மற்றப் பறவைகள் அதற்குப் பதில் கொடுக்கும். இரண்டு சீழ்க்கைகள் சேர்ந்த ஒலி அது: முதலாவது மேலே எழும், இரண்டாவது கீழே இறங்கும். கூவும்போது தலையைப் பின்னே சாய்த்து அலகை வானை நோக்கி உயர்த்தும். பின்னர் நீண்ட நேரம் அமைதி நிலவும். மழை மேகம் சூழ்ந்து பகல் இருண்டால் நடுப்பகலிலும் கூவுவதுண்டு.

அது பின்பற்றுவது வெளிச்சத்தை, மணிக்கூட்டை அல்ல. கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருப்பதால், இங்கே பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை சூரியன் உதிப்பதும் மறைவதும் காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டி, அரை மணி நேர வேறுபாட்டுக்குள் அடங்கிவிடும். அதனால்தான் இலங்கையிலும் தமிழகத்திலும் அந்தப் பெயர் இவ்வளவு பொருத்தமாக நிலைத்திருக்கிறது. இதே பறவை ஜூன் மாதத்தில் வட இந்தியாவில் கூவும்போது விடியல் ஐந்து மணியை ஒட்டி வந்துவிடும்.

இங்கே அது குஞ்சு பொரிப்பதில்லை என்றால், எதற்காகக் கூவுகிறது என்ற துணைக் கேள்வியும் எழலாம். ஒவ்வொரு பறவையும் குளிர்காலத்துக்கென ஒரு சிறு நிலப்பரப்பைத் தனக்குரியதாக வைத்துக்கொண்டு, தனியாகவே வாழ்கிறது. காலையும் மாலையும் எழுப்பும் ஒலி, அந்த எல்லையை அயலில் இருக்கும் பறவைக்கு அறிவிப்பதாகும். இன்னொரு செய்தியும் இங்கே குறிப்பிடத்தக்கது. மைனா போன்ற பாடும் பறவைகளைப் போலன்றி, ஆறுமணிக் குருவி சேர்ந்துள்ள பறவைக் குடும்பத்தின் குரலுறுப்பு எளிமையான அமைப்புக் கொண்டது. கூவலைத் தாய் தந்தையரிடம் கேட்டுக் கற்பதைவிட, பிறவியிலேயே கொண்டு வருகிறது என்றே பறவையியலாளர் கருதுகின்றனர்.

வீட்டுக்கு அருகில் கூவுவது கெட்ட சகுனமா?

அப்படிக் கருத எந்தக் காரணமும் இல்லை. அது மழைக்காலத்தோடு ஒட்டி வருவதால், மழையை முன்னறிவிக்கும் பறவை என்று கிராமங்களில் சொல்லப்படுவதுண்டு. சிங்கள மக்கள் இதை அவிச்சியா என்று அழைக்கிறார்கள். இதன் அழகிய ஆடையை மயில் கவர்ந்துகொண்டு திருப்பித் தரவில்லை என்றும், அந்த இழப்பைச் சொல்லியே இது முறையிடுகிறது என்றும் அவர்களிடையே ஒரு பழங்கதை உண்டு. வாலில்லாத குறையையும் தொடர்ந்து ஒலிக்கும் இரட்டைச் சீழ்க்கையையும் கூர்ந்து கவனித்தவர்கள் உருவாக்கிய கதை அது. பறவையை வெறுக்கச் செய்யாமல் அதன்மேல் இரக்கம் கொள்ளச் செய்கிறது என்பதால், பிள்ளைகளுக்குச் சொல்ல மிகவும் ஏற்றது.

நாள் முழுவதும் நிலத்தில் அது என்ன செய்கிறது?

சருகைப் புரட்டுகிறது. தடித்த அலகால் ஓர் இலையைத் தூக்கி ஒருபுறம் எறிந்து, கீழே தெரியும் மண்ணை ஒரு கணம் உற்றுப் பார்த்து, எறும்பு, வண்டு, கறையான், மண்புழு, சிறு நத்தை, மரவட்டை ஆகியவற்றில் எது கிடைத்தாலும் கொத்தி எடுக்கும். பின்னர் இரண்டு மூன்று தத்தல். மீண்டும் நின்று பார்த்தல். குட்டை வாலை மெதுவாக மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்கும். ஆள் அரவம் கேட்டால் உடனே பறந்து ஓடுவதைவிட, அசையாமல் நிற்பதையே முதலில் செய்யும். மேலும் நெருங்கினால் தாழ்ந்த கிளையொன்றில் எழும்பி உட்காரும். இரவில் மரத்தில் தங்கும். மழைக்குப் பின்னர் மண்புழுக்கள் மேலே வரும் காலை நேரமே அதைக் காண மிகவும் ஏற்றது. சமையலறையிலிருந்து கோடிப்புறத்தில் வீசப்படும் துணுக்குகளைப் பொறுக்குவதும் பார்க்கப்பட்டிருக்கிறது.

இத்தனை நிறங்கள் இருந்தும் ஏன் எளிதில் கண்ணில் படுவதில்லை?

நிறங்கள் எங்கே அமைந்திருக்கின்றன என்பதுதான் காரணம். மேலிருந்து பார்க்கும் வல்லூறுக்கும், பின்னாலிருந்து வரும் பூனைக்கும் தெரிவது பச்சை முதுகு மட்டுமே. மரநிழலில் அது இலையோடு இலையாகக் கலந்துவிடுகிறது. சிவப்பு முழுவதும் கீழ்ப்புறத்தில் ஒளிந்திருக்கிறது. தலையிலுள்ள கறுப்புப் பட்டை, கண் இருக்கும் இடத்தையே மறைத்து, தலையின் வடிவத்தைச் சிதைத்துக் காட்டுகிறது. நீலத்தைப் பொறுத்தவரை, அது சாயத்தால் வருவதன்று. இறகின் நுண்ணிய கட்டமைப்பு ஒளியைச் சிதறச் செய்வதால் தோன்றுவது. ஆகவே வெயில் படும் கோணத்தில் பளிச்சிடும், நிழலில் மங்கிவிடும்.

மழைக்காட்டுப் பறவைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது என்கிறார்களே, அது சரியா?

சரி. பிட்டா என்று உலகெங்கும் அழைக்கப்படும் இக்குடும்பத்தில் 40க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தென்கிழக்காசியாவின் வெப்பமண்டல மழைக்காடுகளில், வெயில் தரையைத் தொடாத அடிமட்டத்தில் வாழ்கின்றன. போர்ணியோ, சுமாத்திரா, பிலிப்பைன்ஸ் காடுகளில் அவற்றின் வகைகள் மிகுதி. ஆப்பிரிக்காவில் இரண்டு இனங்களும், அவுஸ்திரேலியாவில் சிலவும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே உடலமைப்புத்தான்: குட்டை வால், நீண்ட கால், உருண்ட உடல், மேனியில் எங்காவது ஒரு தீவிரமான நிறம்.

அவற்றில் சில இனங்களின் கதைகள் தனியே எழுதத் தக்கவை. அவுஸ்திரேலியாவின் கிழக்குக் காடுகளில் வாழும் ஓர் இனம், நத்தையைக் கவ்விச் சென்று தனக்கெனத் தெரிந்தெடுத்த கல்லில் அடித்து ஓட்டை உடைத்து உண்ணும். அந்தக் கல்லைச் சுற்றி உடைந்த ஓடுகள் குவிந்து கிடக்கும். ஜப்பான், கொரியா, தாய்வான், சீனா ஆகிய நாடுகளில் குஞ்சு பொரிக்கும் இன்னோர் இனம், குளிர்காலத்துக்குப் போர்ணியோவரை பறந்து செல்கிறது. தாய்லாந்திலும் மியன்மாரிலும் மட்டுமே வாழும் கர்னியின் பிட்டா, பல பத்தாண்டுகள் எவர் கண்ணிலும் படாமல், அழிந்துவிட்டது என்றே கருதப்பட்டு, 1986 இல் தென் தாய்லாந்தில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. தாழ்நிலக் காடுகளை எண்ணெய்ப் பனைக்கும் இறப்பருக்குமாக அழித்ததே அதன் வீழ்ச்சிக்குக் காரணம். இன்றும் அது உலகின் மிக அரிய பறவைகளுள் ஒன்று.

இந்தக் குடும்பத்திலிருந்து இலங்கைக்குத் தவறாமல் வருவது ஆறுமணிக் குருவி மட்டுமே. 1766 இல் சுவீடன் நாட்டு இயற்கையறிஞர் லின்னேயஸ் இதற்கு அறிவியற் பெயர் இட்டபோது, இதன் உறவினம் எதுவென்று தெளிவாகாத நிலையில், காகங்களின் பேரினத்தில் சேர்த்திருந்தார். தன் உறவுகளைவிட இது சற்று நெகிழ்ச்சி உள்ளது என்பதே நமக்கு வாய்த்த நற்பேறு. அடர்ந்த மழைக்காடு மட்டுமே வேண்டும் என்று அடம்பிடிக்காமல், நிழலும் சருகும் ஈரமண்ணும் உள்ள சிறு தோட்டத்தையும் அது ஏற்றுக்கொள்கிறது.

எங்கள் வளவுக்கு அது வர என்ன செய்ய வேண்டும்?

மிகக் குறைவாகவே செய்ய வேண்டும். சொல்லப்போனால், சிலவற்றைச் செய்யாமல் விட வேண்டும். மதிலோரமாக, மா, பலா, நெல்லி போன்ற மரத்தின் கீழ் உள்ள ஒரு மூலையை விளக்குமாறு படாமல் விட்டுவிடுங்கள். விழும் இலைகள் அங்கே மட்கட்டும். சில வாரங்களில் சருகின் அடியில் ஈரம் தங்கி, எறும்பும் மண்புழுவும் சிறு வண்டுகளும் குடியேறும். அருகில் குரோட்டன், செவ்வரத்தை போன்ற செடிகள் இடுப்பளவு அடர்ந்திருந்தால், அது பதுங்க இடம் கிடைக்கும். பூச்சிகொல்லி தெளிப்பதையும், சருகைக் கூட்டி எரிப்பதையும் நிறுத்த வேண்டும். முற்றத்தைச் சீமெந்தால் மூடிவிட்ட வீட்டில் இந்தப் பறவைக்கு உணவே கிடையாது; இன்று கொழும்பில் நடப்பது பெரும்பாலும் இதுதான். பழைய வளவுகள் பிரிக்கப்பட்டு, மரம் வெட்டப்பட்டு, தரை முழுவதும் கல் பதிக்கப்படும்போது, அங்கே ஆண்டுதோறும் தங்கிச்சென்ற பறவைக்கு ஏற்படும் இழப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சருகை விட்டுவைத்தால் டெங்கு நுளம்பு பெருகாதா?

கொழும்பில் இது மிகவும் நியாயமான கேள்வி; விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு, தேங்கி நிற்கும் தண்ணீரில்தான் பெருகுகிறது. முட்டை பொரிந்து நுளம்பாக மாற ஒரு வாரத்துக்கு மேல் அந்தத் தண்ணீர் வற்றாமல் நிற்க வேண்டும். மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் இலைகளின் ஊடாக மழைநீர் கீழே வடிந்துவிடுவதால், அங்கே அது பெருக இடம் கிடைப்பதில்லை. ஆபத்து சருகுக்கு அடியில் மறைந்து கிடக்கும் பொருட்களில் இருக்கிறது: சிரட்டை, யோகட் கோப்பை, பொலித்தீன் பை, உடைந்த பூச்சட்டி, கிண்ணம்போல் குழிந்த தென்னம்பாளை, குரும்பட்டி விழுந்து அடைத்த வாய்க்கால்.

ஆகவே செய்ய வேண்டியது இது: சருகு விடும் மூலையை வாரம் ஒருமுறை தடியால் கிளறிப் பார்த்து, தண்ணீர் பிடிக்கக்கூடிய எதையும் அகற்றுங்கள். சருகைப் பெருங்குவியலாகக் குவிக்காமல், நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரவலாக விடுங்கள். மழைநீர் தேங்கும் பள்ளத்தில் அந்த மூலையை அமைக்காதீர்கள். கூரைப் பீலியில் அடைக்கும் சருகை மட்டும் உடனுக்குடன் நீக்கிவிட வேண்டும். அங்கேதான் உண்மையான ஆபத்து உள்ளது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது, நீங்கள் பராமரிக்கும் அந்த மூலையை நீங்களே காட்டி விளக்குங்கள். வீட்டில் யாருக்கேனும் டெங்கு கண்டிருக்கும் வேளையிலோ, அயலில் நோய் பரவும் வேளையிலோ, அதிகாரிகளின் அறிவுறுத்தல் எதுவோ அதன்படியே நடக்க வேண்டும்; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நாங்கள் தொடர்மாடியில் இருக்கிறோம். எங்களால் என்ன செய்ய முடியும்?

உண்மையில் வளவு உள்ளவர்களைவிட உங்களுடைய பொறுப்பு பெரியது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இரவு பத்து மணிக்குப் பின்னர் பலகனி விளக்குகளையும், மொட்டைமாடியின் அலங்கார விளக்குகளையும் அணைக்கும்படி குடியிருப்பாளர் குழுவிடம் பேசுங்கள். அறைக்குள் விளக்கு எரிய வேண்டுமானால் திரையை இழுத்து மூடுங்கள். மாடிப்படி விளக்குகளை, ஆள் வரும்போது மட்டும் எரியும் வகையில் மாற்றினால், மின்கட்டணமும் குறையும் என்பதைச் சொன்னால் இணங்காதவர்கள் குறைவு.

கண்ணாடிக்கு, கழுகு வடிவத்தில் ஒரேயொரு ஒட்டியை ஒட்டுவதால் பயனில்லை. பறவை அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் கண்ணாடியில் மோதும். வெளிப்புறத்தில், புள்ளிகளையோ கோடுகளையோ 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் கண்ணாடி முழுவதும் பரவலாக இட வேண்டும். அவ்வளவு குறுகிய இடைவெளியில் புகுந்து செல்ல முடியாது என்று பறவை உணர்ந்து விலகும். யன்னலுக்கு வெளியே நுளம்பு வலை அடித்திருந்தால், அதுவே மிகச் சிறந்த பாதுகாப்பு. மரங்களை எதிரொளிக்கும் கீழ்த்தளக் கண்ணாடிகளில் இருந்து தொடங்குங்கள். தாழ்வாகப் பறக்கும் இந்தப் பறவை பகலில் மோதுவது அங்கேதான்.

வீட்டுப் பூனையால் ஆபத்து உண்டா?

பெரிய ஆபத்து உண்டு. நிலத்தில் தத்தும், களைத்துப்போன, அசையாமல் நிற்கும் பறவை பூனைக்கு எளிய இரை. பறவை வந்து சேரும் வாரங்களில், குறிப்பாக விடியலிலும் அந்தியிலும், பூனையை வீட்டுக்குள் வைத்திருங்கள். பூனையின் பல் பட்ட பறவை வெளியே நலமாகத் தோன்றினாலும், அதற்குக் கால்நடை மருத்துவரின் கவனிப்பு வேண்டும்.

கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் எங்கே தேடலாம்?

மரநிழலும் மிதிபடாத தரையும் உள்ள எந்த இடத்திலும் தேடலாம். விகாரமகாதேவி பூங்காவின் அமைதியான ஓரங்கள், பெத்தகான ஈரநிலப் பூங்கா, தலவத்துகொடையிலுள்ள தியசரு பூங்கா, தலங்கம வாவியைச் சுற்றிய தோட்டங்கள், 1990 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெல்லன்வில – அத்திடிய பகுதியின் மரச்சோலைகள் ஆகியவை தொடங்குவதற்கு ஏற்றவை. 2018 இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரங்களாக முதன்முதலில் அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்த ஈரநிலங்களின் கரைகளில் எஞ்சியுள்ள மரச்செறிவு இந்தப் பறவைக்கும் புகலிடமாகிறது. மழைக்காட்டுச் சூழலிலேயே பார்க்க விரும்புவோர், நகரத்துக்குக் குடிநீர் தரும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த காட்டின் ஓரங்களுக்குச் செல்லலாம். அங்கே நுழைவதற்கான அனுமதியைப் பற்றி முன்னரே விசாரித்துக்கொள்வது நல்லது.

காலை ஆறு மணிக்குச் சற்று முன்னர் சென்று, ஓரிடத்தில் நின்று, முதலில் காதால் தேடுங்கள். கூவல் வந்த திசையில் சருகு அசையும் ஓசையைப் பின்தொடர்ந்தால் பறவை தெரியும். நடந்துகொண்டே தேடுபவர்கள் பெரும்பாலும் அதன் பின்புறத்தை மட்டுமே காண்பார்கள்.

கைபேசியில் அதன் ஒலியை ஒலிக்கவிட்டு வரவழைக்கலாமா?

கூடாது. அந்த ஒலியை அது எல்லை மீறி வந்த எதிரியின் குரலாகவே கேட்கும். இரை தேட வேண்டிய நேரத்தைச் சண்டைக்குச் செலவிடும். மறைவிலிருந்து வெளியே வந்து காகத்துக்கும் வல்லூறுக்கும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒரு படத்துக்காக அதை அந்த நிலைக்கு உள்ளாக்குவது நியாயமாகாது.

இது அழியும் ஆபத்தில் உள்ள இனமா?

இல்லை. பரந்த நிலப்பரப்பில் வாழ்வதால், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதைக் குறைந்த கவலைக்குரிய இனமாக வகைப்படுத்தியுள்ளது. ஆனால் வலசைப் பறவையின் நலன், குஞ்சு பொரிக்கும் காடு, கடந்து வரும் வழி, குளிர்காலத் தங்கிடம் ஆகிய மூன்றையும் சார்ந்தது. இமயத்தின் காட்டைக் காப்பது நம் கையில் இல்லை. தங்கிடத்தையும், வழியின் கடைசிப் பகுதியையும் காப்பது நம் கையில் இருக்கிறது.

இலங்கைக்கே உரிய வேறு வண்ணத் தரைப்பறவைகள் உண்டா?

உண்டு. தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழி, இந்தத் தீவில் மட்டுமே வாழ்வது; சேவலின் செம்மஞ்சள் மேனியும், நடுவில் மஞ்சள் படர்ந்த சிவப்புக் கொண்டையும் அதன் அடையாளம். மழைக்காடுகளின் அடியில் மறைந்து வாழும் இலங்கை முள்கௌதாரியை, கண்ணால் காண்பதைவிடக் காதால் கேட்பதே எளிது. இவை இரண்டும் கொழும்பு நகரத் தோட்டங்களுக்கு வருவதில்லை.

பார்த்ததை எங்கே பதிவு செய்வது?

உலகெங்கும் பறவை ஆர்வலர்கள் பயன்படுத்தும் ஈ-பேர்ட் தளத்தில், நாள், நேரம், இடம் ஆகியவற்றோடு பதிவு செய்யலாம். 1976 இல் தொடங்கப்பட்டு, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையைத் தளமாகக் கொண்டு இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழுவுடனும் தொடர்புகொள்ளலாம். முதலில் கூவல் கேட்ட நாளையும், கடைசியாகக் கேட்ட நாளையும் ஆண்டுதோறும் குறித்துவைப்பது மிகவும் பயனுள்ளது. கண்ணாடியில் மோதி இறந்த பறவையையும் விட்டுவிடாமல் பதிவு செய்யுங்கள். எந்தக் கட்டடத்தின் எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, விளக்கு எரிந்துகொண்டிருந்ததா என்ற விவரங்களோடு குறித்தால், அந்தக் கட்டடத்தின் நிருவாகத்திடம் பேசுவதற்கு அதுவே சான்றாக அமையும்.